நாத்தான் மறுபடியும் வந்தார்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

‘அன்புடன் சத்தியத்தைக் கைக்கொண்டு’ என்று பவுல் எபேசியர் 4:15-இல் எழுதுகிறார். நம் சபைகளில் இந்த வசனத்தை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டோம். சிலர் சத்தியத்தை எடுத்துக்கொண்டார்கள்; எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். சிலர் அன்பை எடுத்துக்கொண்டார்கள். அவர் மனசு சங்கடப்படுமே என்று வாயே திறக்க மாட்டார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நான் திரும்பத் திரும்பப் போவது நாத்தான் தீர்க்கதரிசியிடம்.

நாத்தான் என்றதும் நமக்கு 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரம்தான் ஞாபகம் வரும். கொஞ்சம் முன்னால், 7-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆலயம் கட்ட வேண்டும் என்று தாவீது ஆசைப்படுகிறார். மனதில் உள்ளபடி செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார் என்று நாத்தான் உடனே சொல்லிவிடுகிறார். ராஜாவுக்கு இனிக்கிற பதில். அன்று இரவே கர்த்தர் அவரோடு பேசுகிறார்: கட்டப்போவது தாவீது அல்ல, அவருடைய குமாரன். முந்தின நாள் தான் சொன்ன வார்த்தையைத் தானே போய் மாற்றிச் சொல்வது எவ்வளவு கூச்சமான காரியம்! நாத்தான் போய்ச் சொன்னார்.

அப்புறம்தான் பத்சேபாள் விஷயம். அவள் உரியா என்ற போர்வீரனின் மனைவி. தாவீது அவளை அழைத்துவரச் செய்து அவளோடு பாவம் செய்தார்; பிறகு உரியாவைப் போர்முனையில் சாகவிடும்படி படைத்தலைவன் யோவாபுக்குக் கடிதம் எழுதினார். உரியா ரப்பா பட்டணத்து மதிலருகே செத்துப்போனான். பிள்ளையும் பிறந்துவிட்டது. அப்படியானால் மாதக்கணக்காக இந்தப் பாவம் அரண்மனைக்குள்ளேயே இருந்திருக்கிறது. பத்சேபாளை அழைத்துவரப் போன ஆட்களுக்கு ஒரு பாதி தெரியும், கடிதம் வாங்கின யோவாபுக்கு மறுபாதி தெரியும். ஒருவரும் பேசவில்லை. நாத்தான் வந்து, ஆடு மேய்த்து வளர்ந்த அந்த மனுஷனிடம் ஒரு ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசுகிறார். ஏழை ஒருவன் மகளைப்போல் வளர்த்த குட்டி. அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்துக்கொள்ளும். ஐசுவரியவான் அதைப் பிடித்து விருந்தாளிக்குச் சமைத்துவிட்டான். தாவீது கொதித்தெழுகிறார். ‘நீயே அந்த மனுஷன்’ என்கிறார் நாத்தான். அந்த வார்த்தையில் ஒரு துளி தண்ணீர்கூட அவர் கலக்கவில்லை. அதைக் கேட்கும்படி தாவீதின் காதைத் திறக்க மட்டும் அவ்வளவு பாடுபட்டார்.

பெரும்பாலான பிரசங்கங்கள் இந்த இடத்தில் நின்றுவிடும். நான் இதற்குப் பிறகு வருவதைச் சொல்லத்தான் இன்று எழுந்து நிற்கிறேன். அதற்கு முன்னால் என் காரியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன், வேறொரு ஊரில், சபைக் கமிட்டியில் இருந்தேன். ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விட்ட கணக்கை வாலிபத் தம்பி ஒருவர் நீள நோட்டில் எழுதிவந்தார். கமிட்டி கூடினபோது நோட்டு என் கைக்கு வந்தது. ‘சேவல் – 150’ என்று இருந்தது. அந்தச் சேவலை ஏலத்தில் எடுத்தவன் நான். கொடுத்தது 1,150 ரூபாய். பதினோரு பேர் உட்கார்ந்திருக்க, நோட்டைத் தூக்கிக் காட்டி அதைச் சொன்னேன். அந்தத் தம்பி தலையைத் தூக்கவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

நான் சொன்னது உண்மை. ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’ என்று மத்தேயு 18-இல் ஆண்டவர் சொல்லியிருக்கிறார். அது எனக்கு மனப்பாடம். ஆலய வாசலில் வேப்பமரத்தடியில் இரண்டு நிமிஷம் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். சரி, அதுதான் போயிற்று என்றால், அடுத்த வாரம் அவர் ஆராதனைக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. அந்தப் பணம் எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் கேட்கவே இல்லை. பிறகு அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். நானே போய் மன்னிப்புக் கேட்டேன். “நீங்க சொன்னது தப்பில்ல அண்ணாச்சி. சொல்லிட்டு ஒருநாள் வீட்டுக்கு வந்திருக்கலாம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். பந்தியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

நாத்தான் வீட்டுக்கு வந்தார். அந்தப் பிள்ளை இறந்துபோய், பிறகு சாலொமோன் பிறந்தபோது, குழந்தைக்கு யெதிதியா என்ற பேரைக் கர்த்தர் நாத்தான் கையில்தான் கொடுத்தனுப்பினார். கர்த்தருக்குப் பிரியமானவன் என்று அர்த்தம். ‘நீயே அந்த மனுஷன்’ என்று சொன்ன அதே வாய் அந்த வீட்டில் இந்தப் பேரைச் சொன்னது. அவர் மறுபடியும் வாசலில் நிற்பதைப் பார்த்தபோது பத்சேபாளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. பிற்பாடு, தாவீது வயதாகிப் படுக்கையில் கிடக்கிறார். அவருடைய இன்னொரு மகன் அதோனியா தன்னை ராஜாவாக்கிக்கொள்கிறான். அப்போது பத்சேபாளிடம் ஓடிவந்து, உம்முடைய பிராணனையும் உம்முடைய குமாரனின் பிராணனையும் காப்பாற்றிக்கொள்ளும் என்று ஆலோசனை சொன்னவரும் இவர்தான்.

1 நாளாகமம் 3:5-ஐ வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்கள். எருசலேமில் பத்சேபாள் தாவீதுக்குப் பெற்ற பிள்ளைகளின் பேர்கள் அங்கே இருக்கின்றன: சிமீயா, சோபாப், நாத்தான், சாலொமோன். ஏன் அந்தப் பேர் வைத்தார்கள் என்று வேதம் சொல்லவில்லை. ஆனாலும், தன் பாவத்தை முகத்துக்கு நேரே சொன்னவருடைய பேரைச் சொல்லித்தான் தாவீது தன் பிள்ளையைத் தினமும் கூப்பிட்டிருக்கிறார்.