ஒரே தகட்டில் எல்லா நிறமும்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிப்பட்டு, நகரி, சித்தூர்ப் பக்கம் கேட்பவர்களுக்கு இன்னொரு வணக்கம். பேசப்போவது உங்கள் ஊர்க்காரரைப் பற்றி.

கிருஷ்ணா ரெட்டி 1925-இல் சித்தூர் மாவட்டம் நந்தனூரில் பிறந்தவர். அன்றைக்கு அது சென்னை மாகாணம். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்து, சென்னை கலாக்ஷேத்ராவில் கற்பித்து, லண்டன் வழியாகப் பாரிஸ் போனார். ஓவியம், சிற்பம் இரண்டும் கைவந்தவர். ஆனால் பேர் நின்றது அச்சோவியத்தில்; அதாவது தகட்டைச் செதுக்கி, மை ஏற்றி, தாளில் அழுத்தி எடுக்கும் படத்தில்.

தெருச் சுவரொட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தகடு. தாள் ஒரு நூல் நகர்ந்தால் தலைவரின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். பாரிஸில் ஆங்கிலேய ஓவியர் ஹேய்ட்டர் நடத்திய 'அத்தலியே 17' என்ற அச்சோவியப் பட்டறையில், 1950-களில், ரெட்டியும் பம்பாய்க்காரர் கைகோ மோட்டியும் ஒரே தகட்டில் எல்லா நிறத்தையும் ஏற்றும் வழிக்கு உருக்கொடுத்தார்கள்.

சூட்சுமம் எண்ணெயில். பலாப்பழம் அறுக்குமுன் கையில் எண்ணெய் தடவுகிறோமே, பால் ஒட்டாமல் இருக்கத்தானே? அதேதான் இங்கேயும்.

துத்தநாகத் தகட்டை அமிலத்தாலும் உளியாலும் மேடு, தாழ்வு, ஆழ்ந்த கோடு என்று பல மட்டமாக்குவார்கள். ஆழ்ந்த கோடுகளில் மையைத் தேய்த்து, விறைப்பான வலைத்துணியால் மேலே உள்ளதைத் துடைப்பார்கள். அடுத்து, ஆளிவிதை எண்ணெய் கூடுதலாகக் கலந்த தளர்ந்த மை. இதைக் கெட்டியான உருளையால் உருட்டினால் மேட்டை மட்டும் தொடும். கடைசியாக எண்ணெய் குறைந்த இறுகிய மை, மெத்தென்ற உருளையில். அது அமுங்கித் தாழ்வு வரை இறங்கும். போகிற வழியில் மேட்டையும் தொடும்; ஆனால் அங்கே இருக்கும் எண்ணெய்ப் பசை அதை ஏற்காது. பிறகு ஈரத்தாள் வைத்து அழுத்தினால் மூன்று நிறமும் ஒரே இழுப்பில்.

மறுபடி சொல்கிறேன்: முதலில் தளர்ந்தது, பிறகு இறுகியது. மாற்றிப் போட்டால் இரண்டும் கலந்து சேறாகும். கரண்டியால் தூக்கிப் பாருங்கள்: தளர்ந்த மை தோசை மாவாக வழியும், இறுகியது முற்றிய வெல்லப்பாகாகத் தொங்கும். நம் ஊர் வெயிலில் காலையில் இறுகியிருந்த மை மதியம் இளகிவிடும். கொஞ்சம் மக்னீசியம் கார்பனேட் என்ற வெள்ளைப் பொடி சேர்த்தால் மீண்டும் இறுகும். உருளையின் சுற்றளவு தகட்டைவிடக் குறைந்தால், இரண்டாவது சுற்று தொடங்கும் இடத்தில் ஒரு கோடு விழும். தாளில் நீர் மினுங்கினாலும் மை பிடிக்காது. ஒற்றித்தாளால் ஒற்றிவிட வேண்டும்.

ரெட்டி தகட்டைச் சிற்பிபோலக் குடைந்தார். 1963-இல் வந்த 'நீர்ச்சுழல்' என்ற அச்சு அப்படிப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ. 1976-இல் நியூயார்க்குக்குக் குடிபோனார். 2018-இல் அங்கேயே காலமானார்.

அவருடைய கோமாளி அச்சுகளுக்கென்று ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன். அதை எண்ணெய் தின்றுவிட்டது. ஒரே தகட்டில் நிறத்தை மாற்றி மாற்றி எடுத்தவை என்பதோடு விடுகிறேன். வணக்கம்.