கூசிப் பிரபுக்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும்

நேயர்களுக்கு வணக்கம். "நான் ராஜா இல்லை, இளவரசன் இல்லை, டியூக் இல்லை, கவுண்ட்டும் இல்லை, நான் கூசியின் பிரபு." பாரிஸுக்கு வடகிழக்கே, பிக்கார்டிப் பகுதியின் கூசி என்ற ஊரில் கோட்டை கட்டி வாழ்ந்த ஒரு குடும்பம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது இது. அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், அத்தனையும் திமிர்!

திமிருக்குச் சாட்சி 13ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ஆங்கெரான் எழுப்பிய கோபுரம். 50 மீட்டருக்கு மேல் உயரம், சுவரின் கனம் மட்டுமே சுமார் 7 மீட்டர். பாரிஸில் மன்னருடைய லூவர் கோபுரத்தைவிட இரண்டு மடங்கு அகலம். 1917இல் பின்வாங்கிய ஜெர்மன் படை அதைத் தகர்க்க 28 டன் வெடிமருந்து வைக்க வேண்டியிருந்தது.

அவர் மகன் நான்காம் ஆங்கெரான் என்ன செய்தார் தெரியுமா? வில்லும் அம்புமாக முயல் வேட்டைக்குத் தன் காட்டில் நுழைந்த மூன்று இளைஞர்களை விசாரணையே இல்லாமல் தூக்கில் போட்டார். 1259இல் மன்னர் ஒன்பதாம் லூயி அவரைப் பிடித்து அடைத்தார். 'நான் பிரபு, வாள் சண்டையில் தீர்த்துக்கொள்கிறேன்' என்ற பேச்சு எடுபடவில்லை. பெரிய அபராதம், செத்தவர்களின் ஆன்மாவுக்குப் பூசை வைக்கும் செலவும் அவர் தலையில். சக பிரபுக்கள் முணுமுணுத்தார்கள். லூயி செய்ததுதான் சரி என்பேன்.

நான்காம் ஆங்கெரானுக்குப் பிள்ளை இல்லை. 1311இல் அவர் போனதும் ஆண்வழி அற்றுப்போனது. சொத்து எங்கே போயிற்று? கீன் கவுண்ட்டுக்கு வாழ்க்கைப்பட்ட அவருடைய சகோதரி ஆலிஸின் மகனுக்கு. அவன் ஐந்தாம் ஆங்கெரான். பெயர் அப்படியே தொடர்ந்ததால் பாதி வழியில் குடும்பம் மாறியதே வெளியே தெரியவில்லை. வரலாறு ஆங்கெரான்களை எண்ணிக்கொண்டே போகிறது. ஆலிஸ் அடிக்குறிப்போடு சரி.

கடைசி ஆள் ஏழாம் ஆங்கெரான். பிணையாளாக இங்கிலாந்து போனவர் 1365இல் மன்னர் மூன்றாம் எட்வர்டின் மகள் இஸபெல்லாவைக் கைப்பிடித்தார். மணமகளுக்கு வயது 33, மாப்பிள்ளை ஏழெட்டு வயது இளையவர். பிரான்ஸும் இங்கிலாந்தும் நூறாண்டுப் போரில் மோதும்போது மாமனார் பக்கமா, தன் மன்னர் பக்கமா? எட்வர்ட் இறந்ததும் 1377இல் ஆங்கிலேயப் பட்டங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு மகள்களில் மரி பிரான்ஸிலேயே இருந்தாள், பிலிப்பாவுக்கு இங்கிலாந்து.

1396இல், இன்றைய பல்கேரியாவில் உள்ள நிகோபொலிஸ் போர்க்களத்தில் ஒட்டோமான் சுல்தான் பயசீதிடம் ஆங்கெரான் சிறைப்பட்டார். மறுவருடம் துருக்கியின் புர்சாவில் உயிர் போயிற்று. அதே போரில் பிடிபட்ட மரியின் கணவரும் வீடு வந்து சேரவில்லை. அப்பாவின் இரண்டாம் மனைவி சொத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட்டார். நாலா பக்கமும் நெருக்கடி. 1400இல் மரி கூசியை மன்னரின் தம்பி ஓர்லியான் டியூக் லூயிக்கு விற்றார். அந்த லூயியின் பேரன் 1498இல் பன்னிரண்டாம் லூயியாகப் பட்டமேற, கூசி பிரான்ஸ் ராஜாவின் சொத்தாயிற்று.