மறைவது வேறு, போவது வேறு

நேயர்களுக்கு வணக்கம். துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு விரித்து, அடியில் இன்னொரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டுப் போர்வை தைப்போமே, க்வில்ட் என்று, அதில் ஒரு சின்ன விஷயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தையலுக்கு முன்னால் துணியில் போடுகிற கோடு.

ஒரு கோட்டைப் பற்றி என்ன பேச இருக்கிறது என்று தோன்றலாம். சட்டை தைக்கும்போது போடுகிற கோடு பெரும்பாலும் வெட்டோடு போய்விடும், அல்லது உள்பக்கம் மடிந்துவிடும். க்வில்ட்டில் கோடு மேல்துணியிலேயே, பார்வை படுகிற இடத்திலேயே விழுகிறது. அதன் மேல்தான் ஊசி ஓடுகிறது. வேலை முடிந்ததும் தையல் தெரிய வேண்டும், கோடு தெரியக் கூடாது. கையால் தைப்பவர்களுக்கு ஒரு போர்வை மாதக்கணக்கில் இழுக்கும். அத்தனை நாள் உழைப்பின் மேல் நீலக் கோடு நின்றுவிட்டால் மனசு எப்படி வலிக்கும் என்று தைக்கிறவர்களுக்குத் தெரியும்.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். மறைவது வேறு, போவது வேறு. இன்றைக்கும் இதைப் பலமுறை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் தங்கைக்குத் தைத்த ஒரு போர்வை. வெளிர் நிறத் துணிகள், இலைகொடி மாதிரி வளைந்து வளைந்து போகிற தையல். வளைவுகளை வரைய, சூட்டில் மறையும் பேனாவை எடுத்தேன். அந்த வகைப் பேனா முதலில் தாளில் எழுதத்தான் வந்தது. எழுதியதைத் தேய்த்தால் உரசும் சூட்டில் மறைந்துவிடும். துணியிலும் அழகாக எழுதும், மெல்லிய கோடு விழும். தைத்து முடித்து இஸ்திரிப் பெட்டியை ஒரு தடவை ஓட்டினேன். ஒரு கோடு மிச்சமில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மடித்துப் பார்சல் கட்டி அனுப்பிவிட்டேன்.

தங்கை இருப்பது பனி கொட்டுகிற ஊர். பார்சல் போய்ச் சேர்ந்தபோது நல்ல குளிர்காலம், வீட்டில் ஆள் இல்லை, ஒரு ராத்திரி முழுக்க வாசலிலேயே கிடந்திருக்கிறது. மறுநாள் பிரித்துவிட்டுப் போன் செய்தாள். "அக்கா, ரொம்ப நல்லா இருக்கு. தையலுக்குப் பக்கத்திலேயே நீலமா கோடு வரைஞ்சிருக்கியே, அதுவும் டிசைன்தானா?" என்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

நடந்தது இதுதான். அந்த மையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உறைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் நிறம் தரும் பொருள், அந்த நிறத்தைத் தூண்டும் பொருள், எந்தச் சூட்டில் இரண்டும் பிரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் பொருள் என்று மூன்று இருக்கும். சுமார் 60 டிகிரி செல்சியஸில் முதல் இரண்டும் பிரிந்து நிறம் இல்லாமல் போகும். ஆனால் மை துணியிலேயேதான் உட்கார்ந்திருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி வாக்கில் நிறம் திரும்பத் தொடங்கும், பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்குப் போனால் முழுதாகவே வந்துவிடும். தங்கை இஸ்திரி போட்டாள், கோடு மறைந்தது. அடுத்த குளிருக்கு மறுபடி வந்தது. அப்புறம் பலமுறை துவைத்த பிறகு மங்கியது. கருமையான துணியாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: நிறம் போன இடத்தில் வெளிறிய தடம் நிற்கும். மறைவது வேறு, போவது வேறு.

அந்தப் போர்வைக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தத் துணியில் தைக்கப் போகிறேனோ, அதிலேயே ஒரு சாண் துண்டு வெட்டி, என்னிடம் இருக்கிற பேனா, பென்சில், சாக் எல்லாவற்றாலும் ஒவ்வொரு கோடு போடுவேன். போட்டதும் கழுவிப் பார்த்தால் அது சோதனை ஆகாது. உங்கள் வேலை இரண்டு மாதம் எடுக்கும் என்றால், கோடும் துணியில் சில வாரமாவது கிடக்கட்டும். அப்புறம் துண்டைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை நனைத்துக் காயவையுங்கள். இன்னொரு பாதிக்கு இஸ்திரி போட்டு, ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள். வீட்டு ஃப்ரீசரில் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி இருக்கும். என் தங்கை வாசலில் நடந்தது உங்கள் சமையலறையிலேயே நடந்து காட்டிவிடும்.

அடுத்தது தண்ணீரில் கரையும் நீலப் பேனா. நிறையப் பேர் வைத்திருப்பது இதுதான், நானும் இப்போது அதிகம் எடுப்பது இதைத்தான். இது மறைவதில்லை, உண்மையிலேயே கரைந்து போகிறது. ஆனால் பச்சைத் தண்ணீர் படுவதற்கு முன்னால் சூடு படக் கூடாது, சோப்பும் படக் கூடாது. கோடு இருக்கும்போதே இஸ்திரி போட்டால் மை துணியோடு ஒட்டிப்போய்ப் பழுப்பாக நின்றுவிடும். வெயில் ஏறுகிற ஜன்னலோரம் போட்டு வைப்பதும் வேண்டாம். இன்னொன்று, நிறையப் பேர் தண்ணீரைத் தெளித்துவிட்டு, நீலம் போச்சு என்று விட்டுவிடுகிறார்கள். மை நடுப் பஞ்சுக்குள் இறங்கியிருக்கும். காயக் காய மேலே ஏறி வந்து எட்டிப் பார்க்கும். முழுப் போர்வையையும் குளிர்ந்த தண்ணீரில் முக்கி, தண்ணீரை மாற்றி மாற்றி அலச வேண்டும்.

ஊதா மையில் வருகிற, காற்றிலேயே மறையும் பேனாவும் உண்டு. சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் மறையும். காற்றில் ஈரம் அதிகம் என்றால் இன்னும் சீக்கிரம். காலையில் வரைந்ததைச் சாயங்காலம் தேடுவோம். அன்றைக்கு உட்கார்ந்து தைக்கிற அளவுக்கு மட்டும் வரைந்துகொள்ளுங்கள். அப்புறம், கோடு தெரியவில்லை என்பதால் அது போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இதையும் இஸ்திரிக்கு முன் பச்சைத் தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

கருந்துணிக்கு வெள்ளைச் சாக்கட்டிதான் என் முதல் தேர்வு. தட்டினால் உதிரும். நிறச் சாக்கில், முக்கியமாகச் சிவப்பிலும் மஞ்சளிலும் கவனம் வேண்டும், துணியைப் பிடித்துக்கொள்ளும். மெழுகு கலந்த கட்டியும் இருக்கிறது. இஸ்திரி பட்டால் எண்ணெய்க் கறை மாதிரி ஊறிவிடும். குளித்துத் தேய்ந்த சோப்புத் துண்டைக் காயவைத்துக் கோடு போடுவது பழைய வழி, நல்ல வழியும்கூட. எண்ணெயும் க்ரீமும் சேர்த்த சோப்பு மட்டும் வேண்டாம்.

பென்சில் என்றால் கடினமான முனை, லேசான கை. பென்சில் கரி தண்ணீரில் கரையாது, அதனால் அழுத்திப் போட்டது எளிதில் போகாது. பால்பாயிண்ட் பேனா வேண்டவே வேண்டாம்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள். மையே இல்லாத வழிகளைக் கடைசிக்கு வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியர்களின் ஹேரா என்ற சின்னக் கருவி, மழுங்கிய கத்தி மாதிரி இருக்கும். ஸ்கேல் வைத்து அதை அழுத்தி இழுத்தால் துணியில் மடிப்புக் கோடு விழும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் கோடு தெளிவாகத் தெரியும். பூப்போட்ட துணியில் கொஞ்சம் சிரமம். நேர்கோட்டுத் தையலுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் ஓரமாகத் தைக்கலாம். அன்றைய வேலை முடிந்ததும் டேப்பைப் பிரித்துவிடுங்கள், ராத்திரி அப்படியே விட்டால் பசை தங்கிவிடும். வணக்கம்.