கல்வெட்டில் இல்லாத பெயர்

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நம் கோவில் சுவரில் பதித்திருக்கும் சலவைக்கல்லை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உபயதாரர் பெயர், எதிரே ரூபாய். சின்ன வயதில் நான் எழுத்துக்கூட்டித் தமிழ் படித்தது அந்தக் கல்லில்தான். அதனால் அதைப் பற்றி மரியாதையோடுதான் பேசுவேன்.

ரங்கூன் மொகல் தெருவில் நகரத்தார், அதாவது செட்டியார்கள், கிட்டங்கி என்ற தொழில் கூடங்களில் வட்டிக்குக் கடன் கொடுத்த காலத்தில், அந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு சிறு பங்கைத் தர்மத்துக்கென்று தனிக்கணக்கில் ஒதுக்கினார்கள். அதற்கு மகமை என்று பெயர். மிஞ்சினால் பார்ப்போம் என்று விடவில்லை. உயர்ந்த வழக்கம் அது. இந்தப் பர்மாவில் நாம் கும்பிடும் கோவில்கள் பல அப்படி எழுந்தவைதான்.

சரி, அந்த வட்டியைக் கட்டியது யார்? ஐராவதிக் கழிமுகத்தில் காடு வெட்டி வயலாக்கிய பர்மிய விவசாயி. 1930இல் நெல் விலை விழுந்தது, கடன் மட்டும் அப்படியே நின்றது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், அந்த ஆண்டு செட்டியார்கள் கையில் இருந்த நிலம் ஏறக்குறைய 6 சதவீதம். எட்டே ஆண்டில் அது 25 சதவீதம் ஆனது. அவர்கள் நிலம் தேடி வந்தவர்கள் அல்ல, பணமாகத் திரும்பியிருந்தால் அதையே வாங்கியிருப்பார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உழுத மண்ணை விட்டு இறங்கியவனுக்கு அதனால் என்ன ஆறுதல்? மகமையில் சேர்ந்த காசில் அவன் உழைப்பும் இருந்தது. கல்லில் அவன் பெயர் இல்லை.

அதே கழிமுகத்தை 2008 மே மாதம் நர்கிஸ் புயல் துடைத்துப் போட்டது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,30,000 பேருக்கு மேல். நாங்கள் அரிசியும் குடிதண்ணீரும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஒரு படகுத்துறையில் ஒரு கம்பெனிக்காரர்களும் அரிசி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூட்டையில் அவர்கள் முத்திரை. வாங்கிய பாட்டி அதை மார்போடு அணைத்துக்கொண்டார். முத்திரை தெரியவில்லை, திருப்பிப் பிடியுங்கள் என்றார்கள். திருப்பினார். படம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை என்றார்கள். அவர் கை நடுங்கியது. மூன்றாம் தடவை மூட்டையைக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

நல்ல அரிசிதான். அன்று பசி ஆறியது, நான் மறுக்கவில்லை. ஆனால் அளந்து கொடுத்து அதே அளவு திருப்பி வாங்குவதைப் பழந்தமிழில் குறியெதிர்ப்பை என்பார்கள். வீடு போன கிழவியிடமும் ஒரு படத்தைத் திருப்பி வாங்கினால் அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

இதை இன்று சொல்லக் காரணம் இருக்கிறது. நம் அன்னதான மண்டபத்தைக் கட்டித்தர ஒரு கம்பெனி முன்வந்திருக்கிறது. வாசலில் பெயர் வேண்டுமாம். நம் பிள்ளைகள் நாலைந்து பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். கமிட்டியார் முதலில் அவர்களைக் கூப்பிட்டு, ஓவர்டைம் பணம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்க வேண்டும். வரவில்லை என்றால் அதை முதலில் கொடுக்கச் சொல்வோம், மண்டபம் அப்புறம். வருகிறது என்றால் நானே போய் நன்றி சொல்லி வாங்கி வருகிறேன்.