மணிமாலை நேராகத் தொங்க வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கலகலப்பான படம் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேச்சு. அதில் எனக்கு ஒரு சண்டையும் இருக்கிறது; அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

படம் ‘தரோலி மாடர்ன் மில்லி’. 1967-இல் வந்தது. ஜார்ஜ் ராய் ஹில் இயக்கம், ஜூலி ஆண்ட்ரூஸ் கதாநாயகி. கதை நடப்பது 1922-இல், நியூயார்க்கில். தலைப்புப் பாட்டு முடிவதற்குள் மில்லி ஆளே மாறிப்போகிறாள். சுருள்முடியும் நீளப் பாவாடையுமாக ஊரிலிருந்து வந்து இறங்கியவள், தெருவில் போகிற பெண்களைப் பார்த்து முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்கிறாள், பாவாடையை ஏற்றுகிறாள், இடுப்புக்குக் கீழே விழுகிற மணிமாலையும் போட்டுக்கொள்கிறாள். ஒரே ஒரு சங்கடம், மாலை நேராகத் தொங்க மாட்டேன் என்கிறது. மார்பு இடிக்கிறது! குனிந்து மாலையைப் பார்க்கிறாள், நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறாள். வசனமே இல்லை, அரங்கம் சிரிக்கிறது.

அந்தச் சிரிப்புக்குள் ஒரு காலமே இருக்கிறது. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை உறுதியானது 1920-இல். முதல் உலகப் போர் முடிந்திருந்தது. அலுவலகங்களில் டைப்ரைட்டர் முன்னால் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள், கையில் சொந்தச் சம்பளம். சிகரெட், ஜாஸ், மதுவிலக்கு நாளில் கள்ளச்சாராய விடுதி, முழங்கால் தெரியும் நடனம் என்று ஊரை மிரட்டிய இந்தப் பெண்களைத்தான் ஃபிளாப்பர் என்றார்கள். இறுக்கிக் கட்டும் கார்செட்டைத் தூக்கி எறிந்தார்கள், சரி. ஆனால் உடம்பு பையன் மாதிரி தட்டையாகத் தெரிய வேண்டும் என்று மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டவர்களும் இவர்கள்தான். மேலே பார்த்த மாலைக் காட்சி கிண்டல் செய்வது இதைத்தான்.

மில்லியின் கொள்கையும் அப்படித்தான். புதுமைப் பெண் காதலுக்காகக் கல்யாணம் செய்யக் கூடாது. டைப்பிஸ்டாக வேலைக்குச் சேர்ந்து முதலாளியைக் கட்டிக்கொள்ள வேண்டும்! அவள் பாட்டியும் பணக்கார மாப்பிள்ளையைத்தான் தேடியிருப்பாள். பேத்தி நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று தட்டச்சு பழகிக்கொண்டு தேடுகிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். கடைசியில் ஜேம்ஸ் ஃபாக்ஸ் நடித்த வெறுங்கைப் பையன் ஜிம்மியைக் காதலிக்கிறாள், அவனோ கோடீஸ்வரன் என்று தெரியவருகிறது. கொள்கையும் பிழைத்தது, காதலும் பிழைத்தது. படம் வந்த வருஷம் மினி ஸ்கர்ட்டின் வருஷம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒல்லியான, தட்டையான உருவம் மறுபடி மோஸ்தரில் இருந்தது. பாட்டி காலத்து வேஷத்தைப் பார்த்துச் சிரித்த பெண்களில் பலர் ஏறக்குறைய அதே வேஷத்தில் டிக்கெட் வாங்கியிருப்பார்கள்.

ஹில் செய்த கெட்டிக்காரத்தனம், பழைய படங்களின் சாமான்களையே எடுத்துக் கையாண்டது. மில்லி மனதில் நினைப்பது மௌனப் படம் போல எழுத்து அட்டையாகத் திரையில் வரும். காட்சி முடிகையில் கருவட்டம் சுருங்கி மூடும். மில்லி தங்கும் விடுதி லிஃப்ட் லேசில் நகராது, உள்ளே நின்று தாளம் தட்டி ஆடினால்தான் ஏறும். ஜிம்மி கட்டடச் சுவரில் தொற்றி ஏறுகிற காட்சி, மௌனப் பட நகைச்சுவை நடிகர் ஹெரால்ட் லாயிட் 1923-இல் கடிகார முள்ளில் தொங்கினாரே, அதற்குச் செய்த கும்பிடு. ஹில் பின்னால் ‘தி ஸ்டிங்’ எடுத்தபோதும் எழுத்து அட்டைகளைக் கொண்டுவந்தார், அந்தப் படம் அவருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. படத்தில் நடித்த கேரல் சானிங்கைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. பீரங்கிக்குள் புகுந்து பறக்கிற கோடீஸ்வரச் சீமாட்டியை வர்ணித்தால் கெட்டுவிடும், பார்த்துவிடுங்கள். எல்மர் பெர்ன்ஸ்டைன் எத்தனையோ பெரிய படங்களுக்கு இசையமைத்தவர். அவருக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர் இந்த விளையாட்டுப் படத்துக்குத்தான்.

இனி என் சண்டை. விடுதியை நடத்தும் மிஸஸ் மியர்ஸ், உறவினர் இல்லாத பெண்களாகப் பார்த்து மயக்கமருந்து கொடுத்து விற்கிறாள். துணைக்கு இரண்டு சீன வேலைக்காரர்கள். வெள்ளைக்காரப் பெண்களைச் சீனர்கள் கடத்துகிறார்கள் என்ற பீதி அமெரிக்காவில் நிஜமாகவே பரவியிருந்தது. சீனத் தொழிலாளர் வரக் கூடாது என்று 1882-இல் போட்ட சட்டம் 1943 வரை உயிரோடு இருந்தது. அந்தப் பீதியை அல்லவா படம் கேலி செய்திருக்க வேண்டும்? கேலி செய்யவில்லை. அப்படியே உண்மையாக்கிக் கதைக்கு வில்லனாக வைத்துவிட்டது. பாவாடை நீளம் முதல் முதலாளி மோகம் வரை எல்லாவற்றையும் தள்ளி நின்று பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே மட்டும் கண் மறைத்துவிட்டது. ‘சும்மா தமாஷ்தானே’ என்று சமாதானம் சொல்வார்கள். தமாஷ் யாரைப் பார்த்து என்பதுதான் என் கேள்வி.

அந்த இரண்டு பேராக நடித்தவர்கள் ஜாக் சூ, பாட் மொரிட்டா. இருவருமே ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் சொந்தக் குடிமக்களையே முள்வேலி முகாம்களில் அடைத்ததே, அந்த முகாம்களில் இருந்தவர்கள் இவர்கள். கீழை நாட்டு முகம் என்றாலே ஆபத்து என்ற நினைப்பு என்ன செய்யும் என்று அந்த முகாம்களில் அனுபவித்துத் தெரிந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்த வேஷம் இது! மொரிட்டாவை 1984-இல் ‘கராத்தே கிட்’ படத்தின் மியாகியாகப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஆஸ்கர் பரிந்துரை வந்தது.

2002-இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் இதை நாடகமாக்கியவர்களுக்கு உறுத்தியிருக்கிறது. வேலைக்காரர்கள் இருவருக்கும் ஓர் அம்மாவைக் கொடுத்தார்கள், அவளை ஊரிலிருந்து வரவழைக்கப் பணம் சேர்க்கிறார்கள் என்று காரணம் கொடுத்தார்கள், சீன மொழியிலேயே பாடவும் விட்டார்கள். மிஸஸ் மியர்ஸ் சீனப் பெண்ணாக வேஷம் போட்ட வெள்ளைக்காரி என்று வெளிப்படையாகவே காட்டினார்கள். சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருது கிடைத்தது. முழுசாகச் சரியாகிவிட்டதா என்றால், ஆகவில்லை என்றுதான் சொல்வேன். கடத்தல் கதை கடத்தல் கதையாகவே இருக்கிறது.

படம் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். கதையோ தீப்பெட்டிக்குள் அடங்குகிற அளவு. இடைவேளைக்குப் பிறகு கொஞ்சம் நெளிவீர்கள், நானும் நெளிந்தேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், குறிப்பாக இங்கே உட்கார்ந்திருக்கும் நடனக்காரர்கள். அந்த லிஃப்ட் ஆட்டத்தைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் நிறையத் தெரியும்.