சேர்வராயன் மலையில் மழைக்கால நடை

சேலம் நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏற்காடு என்றதும் நம்மில் பலருக்கு மே மாதத்துக் கோடை விழாவும், மலர்க் கண்காட்சியும், ஏரிப் படகும்தான் நினைவுக்கு வருகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் குடும்பத்தோடு வேன் எடுத்துக்கொண்டு மேலே செல்கிறவர்களும், மழையும் காற்றுமாக இருக்கிறதே என்று வண்டியை விட்டு இறங்காமல், மூடுபனி நிறைந்த பள்ளத்தாக்கைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடுகிறார்கள். ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையை நடந்து அறிவதற்கு மழைக்காலமே உகந்தது என்பதும், அந்த நடைக்கு வேன் மிகப் பெரிய துணை என்பதும் என் உறுதியான கருத்து.

மலையில் நடப்பவருக்குச் சலிப்பைத் தருவது, நனைந்து களைத்த கால்களோடு போன வழியிலேயே திரும்ப வேண்டியிருப்பதுதான். வேன் இருந்தால் அந்தச் சிரமம் இல்லை. நாம் காப்பித் தோட்டங்களுக்கு இடையே நாகலூர்ப் பக்கமாக நடக்கத் தொடங்கினால், ஓட்டுநர் வண்டியைச் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் நிற்கலாம். தோட்டங்களுக்குள் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காமல் போகக்கூடும் என்பதால், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்பதைப் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்வது அவசியம். மாற்று உடையும், துண்டும், பிளாஸ்க்கில் சூடான சுக்குக் காப்பியும் வண்டியில் காத்திருக்கின்றன என்ற நம்பிக்கை இருந்தால், சின்னக் குழந்தைகள்கூட மழையில் உற்சாகமாக நடப்பார்கள்.

எங்கே நடப்பது என்பதைக் காற்றின் திசையைக் கொண்டு முடிவுசெய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவதால், கிழக்கு விளிம்பில் உள்ள பகோடா பாயிண்ட் காட்சிமுனை அந்தக் காற்றை நேராக எதிர்கொள்கிறது. சேலம் நகரை நோக்கியிருக்கும் லேடீஸ் சீட் பக்கம் ஓரளவு மறைவாக இருக்கும். 1,623 மீட்டர் உயரத்தில், சேர்வராயன் குகைக்கோயில் அமைந்துள்ள உச்சியோ மரமற்ற, பரந்த புல்வெளி. அங்கே அடிக்கும் காற்றில் குடை மேல்நோக்கி மடங்கிவிடும். தலையை மூடும் மழைக்கோட்டுதான் பயன்படும். இம்மலையின் பழங்குடியினரான மலையாளி மக்கள் வழிவழியாக வழிபட்டுவரும் அந்தக் கோயிலுக்கு, காற்று சற்று அடங்கியிருக்கும் காலை நேரத்தில் செல்வதே நல்லது.

காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நட்டிருக்கும் சில்வர் ஓக் மரத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். அதன் இலை மேல்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் வெள்ளி நிறம். காற்று எழும்பும்போது இலைகள் புரண்டு, மரம் முழுவதும் ஒரே கணத்தில் வெளுக்கும். அதன் தண்டைப் பற்றி ஏறியிருக்கும் மிளகுக்கொடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். கீழே காப்பிச் செடிகளில் பழங்கள் சிவக்கத் தொடங்கியிருக்கும். சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பழம் பறிப்பவர்களுக்கு இந்த மழை கடும் உழைப்பின் காலம் என்பதை மறக்கக் கூடாது. பறித்த காப்பியைக் களத்தில் காயவைக்க வெயில் வேண்டும், வெயிலோ இல்லை. அவர்களுக்கு வழிவிட்டு, அனுமதி பெற்றே தோட்டத்துக்குள் கால் வைக்க வேண்டும். சில்வர் ஓக்கின் கிளைகள் எளிதில் முறியக்கூடியவை என்பதால், காற்று பலமாக வீசும் நாளில் அதன் அடியில் நிற்பதும் தகாது.

குளிரையும் இலேசாக எண்ண வேண்டாம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் கூடுதல்; ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 6 டிகிரி வெப்பம் குறைகிறது. நனைந்த துணியோடு காற்றில் நின்றால் உடம்பு இன்னும் வேகமாகச் சில்லிட்டுப்போகும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். கம்பளி ஸ்வெட்டர் நனைந்தாலும் கொஞ்சம் கதகதப்பைத் தரும்.

ஏரி நிரம்பி வழியும் நீர் கிளியூர் நீர்வீழ்ச்சிக்குப் போய்ச் சேருகிறது. ஊரில் பெருமழை பெய்தால் சிறிது நேரத்தில் அருவியின் வேகம் கூடும் என்பதால், அன்று கீழே இறங்காமல் மேலிருந்தே பார்த்து மகிழுங்கள்.

திரும்பும் பயணத்தைப் பகல் வெளிச்சத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். முதல் அல்லது இரண்டாம் கியரில், ஏறிவரும் வண்டிக்கு வழிவிட்டு இறங்குவதே முறை. மூடுபனியில் விளக்கை டிம்மில் வைத்தால்தான் சாலை தெரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது இந்த மலைப்பாதையில் மண் சரிந்ததை நாம் அறிவோம். ஆகவே கிளம்பும் முன் அடிவாரச் சோதனைச் சாவடியில் விசாரித்துக்கொள்ளுங்கள். பாதை மூடியிருந்தால் குப்பனூர் வழி திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் மூடியிருந்தால், அந்த வாரம் பயணத்தைத் தள்ளிவைத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.