கடைக்காரர் காசை வாங்கித்தான் ஆகவேண்டும்

நடுவர் அவர்களே, சுங்கை சிப்புட் பெருமக்களே, வணக்கம். எனக்கு முன் பேசிய நண்பர் நேரத்தைத் தாராளமாகச் செலவழித்துவிட்டதால் வாழ்த்துரையை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

கடைகள் நாணயத்தையும் ரொக்கத்தையும் கட்டாயம் ஏற்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. நண்பரோ தலைப்பை விட்டுவிட்டு எங்களைப் பிடித்துக்கொண்டார். "ரொக்கத்துக்கு வாதாடும் இவர்கள் உண்டியலை உடைத்துக்கொண்டு கடைக்கு வந்து ஒவ்வொரு காசாக எண்ணுகிறவர்கள், இவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று நின்றே என் தலை நரைத்துவிட்டது" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நடுவர் அவர்களே, தாங்கள் நடுநிலை தவறாதவர். ஒரே ஒருமுறை அவர் தலையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், நரைப்பதற்கு அங்கே என்ன மிச்சம் இருக்கிறது?

முடியை விடுவோம், அவரே விட்டுவிட்டார். வரிசைக்கு வருவோம். மூட்டை கட்டிவந்து நாணயத்தைக் கொட்டும் உரிமை நம் மலேசியாவில் எவருக்கும் இல்லை. 2020 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் நாணயச் சட்டத்தின்படி, ஒரு கொடுக்கல் வாங்கலில் 25 நாணயங்களுக்கு மேல் வாங்கிக்கொள்ளும்படி யாரையும் வற்புறுத்த முடியாது. ஒரு காசு, இரண்டு காசு என்று எண்ணும் வேலையும் 2008 ஏப்ரலிலேயே போய்விட்டது. ரொக்கமாகக் கொடுத்தால் கல்லாவில் ஐந்து காசுக்குச் சரிசெய்துதான் கணக்குப் பார்க்கிறார்கள். அப்படியிருக்க, வரிசை எதனால் நீள்கிறது? ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்ந்த எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவர் அதைக் கண்ணால் கண்டவர்.

பேரனின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்க, பட்டணத்தில் புதிதாகத் திறந்திருந்த, கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வைத்த ஒரு கடைக்குப் பாட்டி போனார். ஐம்பது வெள்ளி நோட்டு நான்காக மடிக்கப்பட்டு அவருடைய சுருக்குப்பையில் இருந்தது. கேக்கைத் தேர்ந்தெடுத்து, அதன்மேல் பேரன் பெயரையும் எழுதச் சொல்லி, எழுதியும் முடித்துவிட்டார்கள். நோட்டைப் பிரித்து நீட்டினார். கல்லாவில் இருந்த பெண், "இங்கே காசு வாங்கமாட்டோம் பாட்டி, கார்டு இருக்கிறதா?" என்று கேட்டாள். "ஏன் இல்லாமல்?" என்று பாட்டி அடையாளக் கார்டை எடுத்து நீட்டினார். "இது இல்லை பாட்டி, வேறு கார்டு." உடனே கிளினிக் கார்டு வெளியே வந்தது. இனிப்பு நீருக்கு மருந்து வாங்கும் கார்டைக் கேக் கடையில் காட்டிய முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். "இதுவும் இல்லை பாட்டி." பையின் அடியிலிருந்து மாரியம்மன் கோயில் சந்தா கார்டு வந்தது. "இந்த வருசம் வரைக்கும் கட்டியாகிவிட்டது தாயி, பாக்கி ஒன்றும் இல்லை, நீயே பார்த்துக்கொள்" என்றார்.

பின்னால் நின்ற தம்பி ஒருவருக்கு மனம் இளகியது. "நான் கைப்பேசியில் கட்டிவிடுகிறேன், காசை என்னிடம் கொடுங்கள் பாட்டி" என்று முன்வந்தார். கியூஆர் குறியைப் பிடித்தார். திரையில் வட்டம் சுற்றியது. கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார், அப்போதும் சுற்றியது. கதவுக்கு வெளியே போய் நின்றார். அங்கே லைன் கிடைத்தது, ஆனால் செயலி தன்னைப் புதுப்பிக்கச் சொன்னது. புதுப்பித்து முடித்தபோது கடவுச்சொல் கேட்டது. தம்பிக்கு அது நினைவில் இல்லை.

நடுவர் அவர்களே, அந்தக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். வாசலில் கைப்பேசியை வானத்துக்குக் காட்டிக்கொண்டு ஒரு பட்டதாரித் தம்பி நிற்கிறார். உள்ளே பெயர் எழுதிய கேக், இனி வேறு யாருக்கும் விற்க முடியாத கேக், பெட்டிக்குள் இருக்கிறது. வரிசை ஐந்தடிப் பாதைவரை நீண்டுவிட்டது. அத்தனை பேருக்கும் முன்னால், செல்லுபடியாகும் பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "இந்தத் தம்பியின் போன் தூங்கி எழும்பும்வரை என் நோட்டை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று பாட்டி கேட்கிறார். அந்த வரிசையில் பணம் கொடுக்கத் தயாராக இருந்த ஒரே ஆள் அவர்தான். நண்பரே, உங்கள் முடி கொட்டியது யாரால் என்று இப்போதாவது விளங்குகிறதா?

இது கேக் கடையோடு போகிற சங்கதியும் அல்ல. 2025 ஏப்ரல் 28ஆம் நாள் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருளில் மூழ்கியபோது அட்டை இயந்திரங்கள் ஓய்ந்துபோயின. கையில் நோட்டு வைத்திருந்தவர்கள்தான் ரொட்டியும் தண்ணீரும் வாங்கினார்கள்.

கடைக்காரரைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்று எதிரணித் தலைவர் சொன்னார். இல்லாததால்தானே வேண்டும் என்று கேட்கிறோம்! இருப்பதைக் கேட்க எதற்குப் பட்டிமன்றம்? நோர்வே கேட்டு வாங்கியிருக்கிறது. நம்மைவிட எத்தனையோ மடங்கு மின்பணத்தில் ஊறிய அந்த நாடு, ஆளிருக்கும் கடையில் வாடிக்கையாளர் ரொக்கம் கொடுக்கும் உரிமையை 2024 அக்டோபர் 1 முதல் வலுப்படுத்தியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1978லேயே இதைச் செய்துவிட்டது. கடைக்காரருக்குச் சில்லறை தேடும் சிரமமும் வங்கிக்கு அலையும் சிரமமும் உண்டு. அதை மறுக்கவில்லை. கியூஆர் குறியையும் தாராளமாக ஒட்டி வைக்கட்டும், ஆனால் பக்கத்தில் ஒரு கல்லாப்பெட்டியும் இருக்கட்டும்.

நடுவர் அவர்களே, நாம் கூடியிருப்பது எந்த ஊர்? மலேசிய இந்தியர் காங்கிரசுக்குத் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தனின் ஊர். வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பியபோது, நம்மவர்கள் லயத்து வீட்டுச் சாமான்களோடு, அதாவது தோட்டத்துக் குடியிருப்பைக் காலிசெய்து, நடுரோட்டில் நின்றார்கள். அந்த நேரத்தில்தான் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. துன் தோட்டம் தோட்டமாகப் போனார். வெட்டுக் கத்தி பிடித்துக் காய்த்த கைகள், சம்பளத்தில் மிச்சம் பிடித்த பத்துப் பத்து வெள்ளியை அவரிடம் கொடுத்தன. அந்தப் பணத்தில்தான் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் நம் கைக்கு வந்தது, அதன்பின் தோட்டங்கள் பல வந்தன. பால்வாளி தூக்கிய பெண்கள், முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்துக் கொடுத்தார்கள். கேக் கடைக்குப் போன பாட்டி அந்தக் கூட்டத்தில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுமி. தோட்டத்தையே வாங்கிய பணம் அது. அதே பணத்தை நீட்டி, பேரனுக்கு ஒரு கேக் வாங்க முடியாமல், "வயசாகிவிட்டால் நம் காசுகூடச் செல்லாது போலிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே அவர் படியிறங்கிப் போனார் ஐயா. அந்தச் சொல்லுக்கு எதிரணி எந்தச் செயலியில் பதில் வைத்திருக்கிறது?

மணி அடித்துவிட்டார்கள். கடைகள் காசை வாங்கித்தான் ஆகவேண்டும் என்று தீர்ப்பளியுங்கள். தீர்ப்பின் படி ஒன்றை அந்தக் கேக் கடை முதலாளிக்கும் அனுப்பி வையுங்கள். தபால் செலவை நான் தருகிறேன், சில்லறையாக.